இத்தா வீட்டுக் கிணறு

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணலாக வரும், நடந்ததில் முன்பின் மறந்தும் போகும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் என்பதால்தான் எழுதுகிறேன்.

நாலைந்து வருடம் இருக்கும். கச்சான் காற்று வீசுகிற மாதம். கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர். பெயரை எழுத மாட்டேன். என் கணவருக்குக் கிணறு துப்புரவு செய்கிற தொழில். மோட்டர் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, அவர் உள்ளே இறங்கி அடியில் கிடக்கும் சேற்றை வாளியில் அள்ளுவார். நான் மேலே நின்று கப்பியில் இழுப்பேன். எங்கள் மணல் பூமியில் கிணறு இரண்டு ஆள் உயரம்தான். அதனால் வயது போன எங்களாலும் முடிந்தது.

முதல் நாள் மாலை ஒரு பெண் என் போனுக்குக் கதைத்தாள். தண்ணீர் நாறுகிறது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம், நாளைக்கே வாருங்கள் என்றாள். "ராத்தா, நான் இத்தாவுல இரிக்கிறன். வெளிய வரமாட்டன். என்ன வேணுமெண்டாலும் மகள்ட்ட கேளுங்க."

இத்தா என்றால், கணவன் மௌத்தான, அதாவது இறந்துபோன பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது. எங்கள் பக்கம் அந்த நாட்களில் அந்நிய ஆணின் கண்ணில் படமாட்டார்கள். குரல்கூட வெளியே கேட்காது. பெரிய ஆள் இல்லாமல் பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீடென்றால் என் கணவர் வேலியைத் தாண்டமாட்டார். அது அவருடைய கண்டிப்பு. இங்கே தாய் உள்ளே இருக்கிறாளே என்று போனோம்.

ஒன்பது பத்து வயதுப் பெண்பிள்ளை படலையைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் நாலு வயதுத் தம்பி, சட்டையில்லாமல் ஒரு சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு. உள்ளறை வாசலில் தடித்த பச்சைத் திரை. அதன் கீழே ஒரு சோடிப் பெண் செருப்பு. நான் பெண்தானே, திரையை நீக்கிப் போயிருக்கலாம். கூச்சத்தில் இந்தப் பக்கம் நின்றபடியே ஸலாம் சொன்னேன்.

பதில் வரவில்லை. ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. வாயால் முடியாவிட்டால் ஒரு செருமலாவது வரும். அதுவும் இல்லை.

"உம்மா தொழுறா" என்றாள் மகள்.

கிணற்றை மூடியிருந்த கம்பி வலையைக் கழற்றி ஓரமாக வைத்தோம். மருந்து போடுவதா என்று கணவர் கேட்டார். பிள்ளை திரைக்குள் போனாள். குசுகுசு என்று கேட்டது. வந்து, "கொஞ்சமாப் போடட்டாம், உம்மா செல்றா" என்று தாய் சொன்னதாகச் சொன்னாள். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்தாள், உம்மா ஊத்தினதாம். தண்ணீர் கொதிக்கவே இல்லை. கோப்பையின் அடியில் சீனி அப்படியே கிடந்தது.

"தேத்தண்ணி வந்திட்டு, சீனி இன்னும் நித்திரை" என்று அவர் பகிடி விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் காற்றுக்கு அந்தத் திரை, பின்னால் யாரோ சாய்ந்து நிற்பதுபோல முன்னுக்குத் தள்ளும், பிறகு உள்ளே இழுபடும். அடுத்த முறை பிள்ளை உள்ளே போனபோது காது கொடுத்துக் கேட்டேன். கேள்வி அவளுடைய குரல். பதிலும் அதே குரல்தான், கொஞ்சம் தடிப்பாக. ஆனாலும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கணவர் இறங்கிச் சேறு அள்ளத் தொடங்கினார். வெறுங்கிணற்றுக்குள் இருந்து கதைத்தால் குரல் மாறிவிடும். பூமிக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். "இழு" என்று சத்தம் கொடுத்தார். மணலில் விளையாடிக்கொண்டிருந்த தம்பி சிரட்டையைப் போட்டுவிட்டு எழும்பினான்.

"வாப்பா" என்றான்.

எனக்கு விளங்கவில்லை.

"வாப்பா மண்ணுக்குள்ள இரிந்து கூப்பிடுறாரு."

அவன் தகப்பனை அடக்கி இரண்டு மாதம் ஆகவில்லை. வாப்பா மண்ணுக்குள் போய்விட்டார் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அதற்குள் அவன் முழங்கால் உயரக் கிணற்றுக் கட்டின்மேல் வயிற்றை வைத்து ஏறி உள்ளே குனிந்துவிட்டான்.

என் கையில் கயிறு. சேறு நிறைந்த இரும்பு வாளி பாதி வழியில், கணவரின் தலைக்கு நேர் மேலே. கயிற்றை விட்டால் அவர், விடாவிட்டால் பிள்ளை. கீழே ஒன்றும் தெரியாமல் அவர், "ஏன் நிக்கிற புள்ள? இழு!" என்கிறார். அந்தக் குரல் கேட்கக் கேட்க, "வாறன் வாப்பா" என்று இவன் இன்னும் குனிகிறான்.

நான் திரையைப் பார்த்துக் கத்தினேன். "தங்கச்சி! புள்ள கிணத்துல விழுது! ஓடியாங்க!"

எந்த இத்தாவிலும் பெற்றவள் ஓடி வருவாள். அந்தத் திரை மெதுவாக முன்னுக்கு வந்தது, மெதுவாக உள்ளே போனது. ஒருவரும் வரவில்லை.

கயிற்றை விடாமலே பக்கவாட்டில் சாய்ந்து, என் முழங்காலால் அவன் கால்களைக் கட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். குசினியிலிருந்து அவன் அக்கா அலறிக்கொண்டு ஓடிவந்து அவனை இடுப்போடு இழுத்தெடுத்தாள். பிறகுதான் வாளியை மேலே இழுத்தேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது.

நேராகப் போய்த் திரையை நீக்கினேன். கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்தி ஒரு ஆள் படுத்திருந்தது. துணியை இழுத்தேன். தலையணைகள். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமி, ஊருக்குச் செல்லிப் போடாதீங்க. உம்மா இறால் கழுவுற இடத்துக்கு வேலைக்குப் போற. இத்தாவுல வெளிய போறா எண்டு கதைப்பாங்க."

கணவர் ஏறிவந்து முதலில் வலையைப் போட்டு மூடினார். அடுத்த நிமிடம் வேலிக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். நான் பிள்ளைகளோடு இருந்தேன். பின்நேரம் அஸர் தொழுகைக்கு முன் தாய் வந்தாள். சின்னப் பெண். விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. வேலிக்கு அப்பாலிருந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் சத்தம் போட்டார். "புள்ளைகள் மட்டும்தான் எண்டா நான் உள்ள கால் வெச்சிருக்க மாட்டன்!"

அவள் என்னிடம் மெல்லச் சொன்னாள். "அதனாலதான் ராத்தா செல்லல்ல. தெரிஞ்சா வந்திருப்பீங்களா? என்ட புள்ளைகள் அந்தத் தண்ணியத்தானே குடிக்கும்."

நான் வேலிக்குப் போய் அவரை உள்ளே கூப்பிட்டேன். மீதி வேலையை அன்றே முடித்தோம். தாய் மகனை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். என் கணவர் கிணற்றுக்குள் இருந்து ஒரு சொல் கதைக்கவில்லை. கயிற்றை இரண்டு தரம் ஆட்டினால் இழு என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும், எவ்வளவு கூச்சமானாலும், ஒரு பெரிய ஆளின் முகத்தைக் கண்ணால் காணாமல் நான் வலையைக் கழற்ற விட்டதில்லை. ஆனால் அப்படி நாங்கள் திரும்பிவந்த வீடுகளில் அந்தப் பிள்ளைகள் என்ன தண்ணீர் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்தத் தம்பிக்கு வயது நாலா ஐந்தா என்பதில் எனக்குச் சந்தேகம். இத்தாவைப் பற்றி எழுதியதும் சரிதானோ தெரியாது. சோற்றுக்கு வழியில்லாதவள் பகலில் வேலைக்குப் போகலாம் என்று மார்க்கம் படித்த ஒரு ஆலிம் சொன்னதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். கற்றவர்கள் யாராவது சரிபார்த்து எழுதுங்கள். அது உண்மையென்றால், அந்தப் பெண்பிள்ளை தன் தாயின் குரலில் தனக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருடைய வாய்க்கும் பயந்துதான்.