வேன் இல்லாமல் வந்த வேன் மாமா

வேன் மாமாவை உட்கார்ந்த கோலத்தில் பார்த்தவர்கள்தான் அதிகம். காலையில் பள்ளிக்கூட வேனில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காருவார். பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பள்ளி வாசல் நிழலில் உட்காருவார். சாயங்காலம் மறுபடி ஸ்டியரிங், வீட்டுக்கு வந்தால் டிவிக்கு எதிரே நாற்காலி. வயிறு மட்டும் சும்மா இருக்கவில்லை, அது தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. மனுஷர் தொழிலில் மட்டும் படு கறார். பிள்ளை ஏறி, உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு "போலாம் மாமா" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் சக்கரம் உருளும். பின்னால் நிற்கிற கார்க்காரன் ஹாரனை எவ்வளவு அலறவிட்டாலும் அவர் காதில் விழவே விழாது.

அப்படிப்பட்டவருக்கு ஆண்டு விடுமுறை தொடங்கிய கையோடு வந்தது வினை. வண்டி ஓட்டுகிற எல்லோரும் டாக்டரிடம் உடம்பைக் காட்டிச் சான்று வாங்கி வர வேண்டும் என்று பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது. மாமாவும் தலையை வாரிக்கொண்டு ஜம்மென்று போனார். நின்ற இடத்திலேயே ஓடவைக்கிற மெஷினில் ஏற்றிவிட்டார்கள். ஏறிய கொஞ்ச நேரத்திலேயே மூச்சு இரைத்து, கண் இருட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கிவிட்டார்.

டாக்டரம்மா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "பெரிய கோளாறு ஒண்ணும் இல்ல. உடம்புக்கு நீங்க வேலையே குடுக்கல, அவ்வளவுதான். ஆனா வண்டி ஓட்டுறப்ப இப்படிக் கண்ணு இருட்டினா பிள்ளைங்க கதி என்ன? நான் கையெழுத்துப் போட மாட்டேன். தினமும் ஓடுங்க. லீவு முடியறதுக்குள்ள வந்து நிக்காம ஓடிக் காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்."

காட்டாவிட்டால் வேன் மாற்று டிரைவர் கைக்குப் போகும். அந்த ஆள் லட்சணம் மாமாவுக்குத் தெரியாதா? ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை போனில், கண் இரண்டிலும் இல்லை. அவனிடமா நம்ம பிள்ளைகள், நடக்கவே நடக்காது என்று மாமா அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

வீட்டில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவி விஷயத்தைக் கேட்டு, நூல் அறுந்தது கூடத் தெரியாமல் சிரித்தார்.

"பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனுஷன். அடுத்த பஸ் வரும்னு நிப்பீங்களே, நீங்களா ஓடப் போறீங்க?"

"சிரி, நல்லா சிரி. நான் ஓடத்தான் போறேன்."

சிரித்தாரே தவிர, மறுநாள் விடியும்போது கேன்வாஸ் ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தது அந்த அம்மாள்தான்.

எங்கே ஓடுவது? பூங்கா, மைதானம் எல்லாம் மாமாவுக்கு அந்நிய தேசம். அவர் கால் போனது அவருக்குத் தெரிந்த ஒரே வழியில். வேன் போகிற வழி. ஷெட்டிலிருந்து கிளம்பி, மருந்துக்கடைத் திருப்பம், தபால் ஆபீஸ், வரிசை வீடுகள், பள்ளி வாசல். ஓட்டமும் வேன் போலவே இருந்தது. திரும்புகிற இடத்தில் கையை நீட்டிக் காட்டுவார். வேகத்தடை வந்தால் வேகத்தைக் குறைப்பார், இருந்த வேகமே அவ்வளவுதான் என்றாலும். ஈ காக்கை இல்லாத விடிகாலைச் சாலையில் சிவப்பு விளக்குக்கு மரியாதை கொடுத்து நிற்பார். பேப்பர் போடுகிறவர் சைக்கிளைவிட்டு இறங்கி, "என்ன டிரைவரே, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கேட்டார்.

முதல் வாரம் உடம்பில் இல்லாத இடமெல்லாம் வலித்தது. படுத்தால் எழ முடியவில்லை, எழுந்தால் படுக்கத் தோன்றியது. சாக்குக்கா பஞ்சம்? ஒரு நாள் அடைமழை, ஒரு நாள் மச்சினி குடும்பத்தோடு வந்து இறங்கியது, ஒரு நாள் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தது. ஒவ்வொரு முறையும் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மனசு நைசாக இழுக்கும். உடனே மாற்று டிரைவரின் போன் ஞாபகத்துக்கு வரும், எழுந்து ஷூவை மாட்டிவிடுவார். மழையில் தலைக்குப் பாலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையில் கிரீஸோடு ஓடினார். போகப் போக வலி விட்டு ஓர் உற்சாகம் ஒட்டிக்கொண்டது. காலையில் அலாரத்துக்கு முன்னால் அவரே விழித்தார். மனைவி இஞ்ச் டேப்பை அவர் இடுப்பில் சுற்றிப் பார்த்து, பேண்டை வாங்கிச் சுற்றளவைக் குறைத்துத் தைத்தார். மாமாவுக்கு உலகத்தையே ஜெயித்த சந்தோஷம்.

ஆனால் தையல்காரி கண்ணுக்கு எதுவும் தப்பாது. இவ்வளவு தூரம் ஓடிவிட்டு வருகிறவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருகிறாரே, எப்படி? ஒரு நாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பார்த்தால், மாமா ஒரு வீட்டு கேட் வரை ஓடுகிறார், நிற்கிறார். பிள்ளை ஏறி உட்காருகிற நேரம் வரைக்கும் சாவகாசமாக நிற்கிறார். அப்புறம் கிளம்பி அடுத்த கேட் வரை ஓட்டம், அங்கேயும் அதே கதை.

"ஏங்க, டாக்டர் உங்கள ஓடச் சொன்னாங்களா, பிக்கப் பண்ணச் சொன்னாங்களா?"

மாமா திருதிருவென்று விழித்தார். தான் நிற்பது சத்தியமாக அவருக்கே தெரியாது. இத்தனை வருடப் பழக்கம், கேட்டைக் கண்டதும் கால் தானாகப் பிரேக் போட்டிருக்கிறது. அந்த மெஷினில் நின்று மூச்சு வாங்க எந்தக் கேட் வரப்போகிறது? மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் ஓடப் பார்த்தார். முதல் கேட்டில் கால் நின்றது. இரண்டாவதில் தன்னையே திட்டிக்கொண்டு நின்றார். வேறு தெருவில் ஓடலாமென்று போனால் அங்கேயும் கேட் இருந்தது. டாக்டரிடம் போகிற நாள் வேறு கிட்டத்தில் வந்துவிட்டது. அன்று மாமா தட்டில் வைத்ததைத் தொடாமல் எழுந்துவிட்டார், மனைவியும் வம்புக்கு இழுக்கவில்லை.

பள்ளி நாளில் தண்ணீர் தெளித்தாலும் எழாத பிள்ளைகள், லீவு நாளில் பொழுது விடியுமுன் எழுந்து வீட்டையே ரெண்டாக்கும். அதனால் வேன் இல்லாமல் வந்து நிற்கிற வேன் மாமாவை அவை கண்டுபிடிக்கவும் வெகு நாள் ஆகவில்லை. வேனில் முன் சீட்டுக்குச் சொந்தக்காரி ஒரு பெண், மானிட்டர் என்று பேர். அவள் தன் வீட்டு கேட்டில் மாமாவை மடக்கி, எல்லாவற்றையும் கறந்துவிட்டாள்.

"நாங்க ஏறணும்னுதானே நிக்கிறீங்க?"

"ஆமாம்மா. கால் கேக்க மாட்டேங்குது."

"அப்ப நீங்க நிக்காதீங்க. நாங்க ஓடிட்டே ஏறிக்கிறோம்."

மாமா ஆடிப்போய்விட்டார். ஓடுகிற வண்டியில் பிள்ளை ஏறுவதா? அவர் கனவில்கூட நடக்காத காரியம். "அந்தப் பேச்சே வேண்டாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மானிட்டர் யார் பேச்சைக் கேட்டாள்? மறுநாள் அவர் கேட்டை நெருங்கும்போதே அவள் நடைபாதையில் ஓட ஆரம்பித்திருந்தாள். பக்கத்தில் வந்து சேர்ந்து, "ஏறிட்டேன், போலாம் மாமா" என்றாள். கால் நிற்கப் பார்த்தது. ஆனால் பிள்ளைதான் ஏறிவிட்டதே, அப்புறம் நிற்பானேன்? கால் நிற்கவில்லை. மாமாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அடுத்த கேட்டில் இரட்டையர் ஏறினார்கள், அதற்கடுத்ததில் பல் விழுந்த ஒருத்தி. கொட்டாவி விட்டுக்கொண்டு ஓர் அப்பா, செருப்போடு ஓர் அம்மா என்று பெரியவர்களும் பின்னால் வந்தார்கள். கடைசி கேட்டில் பொடிசு. வேனில் ஏறத் தினமும் அழுகிற அந்தக் குட்டி, ஷூவைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, "போலாம் மாமா" என்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டு வந்து சேர்ந்தது. மொத்தப் பட்டாளமும் ஒரு இடத்திலும் நிற்காமல் பள்ளி வாசல் வரை போனது. மனைவி ஸ்கூட்டரில் தண்ணீர் கேனோடு காத்திருந்தார். அவருடைய மேற்பார்வையில் எல்லோரும் ஆடிப் பாடி வீடு திரும்பினார்கள். அதற்கப்புறம் டாக்டரிடம் போகிற நாள் வரைக்கும் தினமும் இதே கூத்துதான்.

டாக்டரிடம் போன அன்று மாமா மெஷினில் ஏறி நிமிர்ந்து பார்த்தார். மெஷினுக்கு எதிரே வெள்ளைச் சுவர், தெருவும் இல்லை பிள்ளைகளும் இல்லை. மார்பில் ஒயர்களை ஒட்டி ஓடவிட்டார்கள். கொஞ்ச தூரத்தில் கால் தயங்கியது. மாமா சட்டென்று கண்ணைச் சுவரில் ஊன்றி, வாய்க்குள் ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார். மருந்துக்கடைத் திருப்பத்தில் கையை நீட்டினார். நர்ஸம்மா என்னவோ ஏதோ என்று பதறி ஓடிவந்தார். மாமா புன்னகையோடு ஓடிக்கொண்டிருந்தார். மூச்சு சீராகத்தான் இருந்தது.

"போதும், இறங்குங்க. நல்லாவே ஓடிட்டீங்க" என்று டாக்டரம்மா பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

"வேண்டாம் டாக்டர், அமுக்கிடாதீங்க."

"ஏன், என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் பண்ணல. பொடிசு இப்பதான் ஏறியிருக்கு, ஸ்கூல் இன்னும் வரல. நடு ரோட்டுல பிள்ளைங்கள எப்படி இறக்கி விடுறது?"

டாக்டரம்மா மெஷினைப் பார்த்தார், ஓடுகிற மனுஷரைப் பார்த்தார். பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சான்றில் கையெழுத்தைப் போட்டு ஓரமாக வைத்தார்.

"சரி, மெதுவாவே போங்க" என்றார். "ஸ்கூல் வந்ததும் சொல்லுங்க."