வெயில் ராவுத்தர்

சூரியநெல்லி என்று அந்த ஊருக்குப் பெயர் வைத்தவனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் அங்கே சூரியனைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். டார்ச் லைட்டில் செல் தீர்ந்துபோனால் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு ஜனங்கள் தூக்கிப் போட மாட்டார்கள். கடைக்கார அப்துல் ஷுக்கூரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் வெல்லம் எடுக்க மறையூருக்குப் போகும்போது அவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். மூணாறில் மழை கொட்டித் தீர்க்கும் நாளிலும் மறையூரில் வெயில் காயும். அங்கே காளிச்சாமியின் வெல்ல ஆலைக்குப் பின்னால் ஒரு பாறை. அதில் செல்களைப் பரப்பி உச்சிவெயில் காட்டி எடுத்து வருவார். செத்த செல் மறுபடி கொஞ்ச நாளைக்கு மினுக் மினுக்கென்று எரியும். அதனால் அவருக்கு வெயில் ராவுத்தர் என்றே பேர். பாலக்காட்டிலிருந்து பிழைக்க வந்த மனிதருக்கு அந்தப் பேரில் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அந்த மிதப்புதான் அவர் குடியைக் கெடுத்தது.

ஷுக்கூருக்கு ஒரே மகன், பீர் முகம்மது. மாமனோடு கொழும்புக்கு ஜவுளிக்கடை வேலைக்குப் போனபோது அவனுக்குக் குரல் உடையவில்லை. பிறகு பாஸ்போர்ட், விசா என்று சட்டம் வந்து வழியை அடைத்தது. வருஷங்கள் ஓடிவிட்டன. அவன் தாய் ஹவ்வா நெஞ்சு நோயில் விழுந்து கட்டிலோடு கிடந்தாள். டாக்டர் ஷுக்கூரைத் தனியாகக் கூப்பிட்டு, இனி மருந்துக்கு வேலையில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் மகனிடமிருந்து சேதி வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளன்று சாயங்காலம் கொழும்பு ரேடியோவில் அவன் பாடப்போகிறானாம்.

ஹவ்வாவுக்கு அதன் பிறகு வேறு பேச்சே கிடையாது.

"ஏங்க, அவங் கொரல் இப்ப எப்படியிருக்கும்? எங்க அத்தா மாதிரி கனமா இருக்குமோ?"

"கேக்கத்தானே போறே" என்பார் ஷுக்கூர்.

கடையில் ஒரு பாட்டரி ரேடியோ இருந்தது. செங்கல்லைவிடப் பெரிய அதன் பாட்டரி தேய்ந்துபோய், பெட்டியில் காதை ஒட்டவைத்தால்தான் பேச்சு கேட்கும். புது பாட்டரி மூணாறில் இல்லை. போடிக்கு ஆள் அனுப்பலாமென்றால் மண் சரிந்து ரோடு போய்விட்டது.

தோட்டத்து மானேஜர் பங்களாவில் சமையல் செய்யும் சூசையப்பன் விஷயம் கேள்விப்பட்டுக் கடைக்கு வந்தான்.

"ராவுத்தரே, தொரைகிட்ட கேட்டுட்டேன். பங்களா ரேடியோ கரண்ட்டுல ஓடுது. அம்மாவ நாற்காலியோட தூக்கிட்டு வந்து சமையக்கட்டுல உக்கார வச்சிருவோம். நாலு பேரு நாங்க இருக்கோம்."

"எங்க ஊட்டுல ரேடியோ இருக்கையில அவ எதுக்கு சூசை அடுத்தவன் அடுப்படியில போயி உக்காரணும்? பாட்டரிக்கு வெயில் காட்டிட்டு வந்துர்றேன்" என்றார் ஷுக்கூர்.

ஊருக்கெல்லாம் வெயில் கொண்டுவந்து கொடுக்கிற மனிதர், தன் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்று நினைப்பாரா? பாட்டரியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மறையூருக்குப் போனார். முதல் நாள் நல்ல வெயில். பாறையைவிட்டு அவர் நகரவேயில்லை. சின்ன செல்லுக்கே ஓர் உச்சிவெயில் வேண்டுமென்றால் இவ்வளவு பெரிய பாட்டரிக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, இன்னொரு நாள் தங்கினார். மறுநாள் மேகம் மூடிக்கொண்டது. விடிந்தால் பெருநாள்.

ஆலையில் கரும்புப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பு வாயருகே நல்ல அனல். ஷுக்கூர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்கன வச்சா ஏறாதா காளிச்சாமி?"

"சூடு எங்கிருந்து வந்தா என்னங்க, சூடு சூடுதானுங்களே" என்றார் காளிச்சாமி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்குத் தெரிந்தது வெல்லம்.

பாட்டரியின் மேலிருந்த தார் இளகி வழிந்தது. உள்ளே நன்றாக ஏறுகிறது என்று ஷுக்கூர் சந்தோஷப்பட்டார்.

பெருநாளன்று சாயங்காலம் அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்து, ரேடியோவை ஹவ்வாவின் தலைமாட்டில் வைத்தார். அவள் புதுச் சேலை கட்டி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஷுக்கூர் கம்பிகளை மாட்டிக் குமிழைத் திருப்பினார். பெட்டி மூச்சு விடவில்லை. கழற்றி மாட்டினார், தட்டினார், காதை ஒட்டவைத்துப் பார்த்தார். போகும்போது இருந்த அந்த ஈனக்குரல்கூட இல்லை. தானே அதைச் சுட்டுக் கொன்றுவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஹவ்வாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

"பங்களாவுக்கே போயிருக்கலாம்ல" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஷுக்கூர் மழையில் பங்களாவுக்கு ஓடக் கிளம்பினார். பாதி வழியில் சூசையப்பன் எதிரே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டீகளா ராவுத்தரே? பாடுறதுக்கு முன்னாடி, எங்க அம்மாவுக்காகன்னு சொன்னானே."

ஷுக்கூர் அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஹவ்வா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொரல் எப்படிப்பா இருந்துச்சு?"

சூசையப்பன் திகைத்தான். அவனுக்குப் பீர் முகம்மதை முன்பின் தெரியாது. "நல்லா… ஆம்பளக் கொரலா இருந்துச்சும்மா" என்றான்.

அவள் கண்ணை மூடி அந்தக் குரலை நினைத்துப் பார்க்க முயன்றாள். வரவில்லை. "எனக்குச் சின்னப் புள்ளையாத்தான் கேக்குது" என்றாள். ஆடி முடிவதற்குள் அந்தச் சின்னப் பிள்ளையின் குரலோடு அவள் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்த பிறகும் ஜனங்கள் செல்களைக் கொண்டுவந்தார்கள். ஷுக்கூர் வாங்கவில்லை.

ஒரு மத்தியானம் அவர் கட்டிலருகே தரையில் படுத்திருந்தார். வாசலில் யாரோ, "அம்மா" என்று கூப்பிட்டார்கள். கனத்த குரல், லேசான கரகரப்பு.

"யாருங்க? கடை இல்ல இன்னைக்கு" என்றார்.

"நாந்தான் அத்தா."

தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று கெஞ்சி, காகிதம் வாங்கிக் கப்பலேறி வந்திருக்கிறான். மரணத் தந்தி கொழும்புக்குப் போனபோது அவன் அங்கே இல்லை. ஈரக்குடையோடு நின்றவனை ஷுக்கூர் கட்டிப்பிடிக்கவில்லை. காலியான கட்டிலைக் காட்டினார். பையன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"இன்னொருக்கா அம்மான்னு கூப்பிடுடா" என்றார் ஷுக்கூர்.