தனம் அக்காவின் லாகின்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று இருந்தவன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது இதுதான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு ஆபீசில் காண்ட்ராக்டில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் விவரமெல்லாம் எங்களிடம்தான். யார் வீடு எங்கே இருந்தது, மாற்று மனை யாருக்கு, எல்லாமே அதை வைத்துத்தான் முடிவாகும். அது இருந்த டிஸ்க் சாகக் கிடந்தது, பேக்கப் எடுத்தால் பாதியில் நின்றுவிடும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீசில் யாரும் இல்லாத பட்டப்பகலில், டேபிள்களை, அதாவது ஊருக்கு ஒன்றாக இருந்த விவரப் பட்டியல்களை, ஒவ்வொன்றாகப் புது டிஸ்க்குக்கு மாற்ற சர்வர் ரூமில் உட்கார்ந்தேன். துணைக்குச் செல்வி வந்திருந்தாள். கம்மாபுரம் பக்கத்துப் பெண், டேட்டா என்ட்ரி செய்கிறவள்.

எல்லாம் புது டிஸ்க்குக்கு மாறிவிட்டது, ஒன்று மட்டும் நகரவில்லை. தோண்டிச் சுரங்கமாகிவிட்ட ஒரு ஊரின் டேபிள். வேறு யாரோ அதைத் திறந்து வைத்திருப்பதாகத் திரையில் வந்தது. யாரென்று தேடினால் 'தனம்' என்று ஒரு பெயர்.

செல்வியின் முகம் மாறிவிட்டது. "சார், இது தனம் அக்கா லாகினுங்க. அந்த ஊரு மொத்தத்தையும் அவங்கதான் டைப் பண்ணாங்க. மஞ்சக்காமால வந்து அவங்க செத்துப் போயி ரெண்டு வருசம் ஆவுதுங்களே."

பாஸ்வேர்டு தெரிந்த யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, எந்த கம்ப்யூட்டர் என்று பார்த்தேன். அந்த ஊரில் எங்களுக்கு இருந்த கிளை ஆபீசின் கம்ப்யூட்டர். ஆபீசே கிடையாது, அது நின்ற மண்ணே கிடையாது, இப்போது அங்கே பள்ளம்தான்.

இணைப்பைத் துண்டித்தேன். உடனே திரும்ப வந்தது. மறுபடி துண்டித்தேன், மறுபடி வந்தது. சர்வரின் நெட்வொர்க் கேபிளையே பிடுங்கிவிட்டேன், நம்பினால் நம்புங்கள், அப்போதும் அந்தப் பெயர் அங்கேயே நின்றது. பழைய டிஸ்க் வேறு கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் ஒரு ஊரே போய்விடும்.

"அவங்க வூடும் அந்த ஊருதாங்க சார்" என்று மெல்லச் சொன்ன செல்வி, திரைக்குப் பக்கத்தில் போய், எதிரில் உட்கார்ந்திருக்கிறவரிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"அழிக்கலக்கா. வேற எடத்துக்கு பத்திரமா எடுத்துக்கினு போறோம். எல்லார் வூடும் இருக்கும்க்கா. கொஞ்சம் வுடுக்கா."

பெயர் மறைந்தது. நான் துண்டிக்கவில்லை, வேலை முடிந்து எழுந்து போகிறவர்கள் போல முறையாக வெளியேறியிருந்தது. டேபிள் போய்ச் சேர்ந்தது. சரிபார்த்தேன், ஒரு குடும்பம்கூட விடுபடவில்லை. அதன் பிறகுதான் பழைய டிஸ்க் நின்றது.

மறுநாள் நெட்வொர்க் பார்க்கிறவரிடம் சொன்னபோது, ஏதோ பழைய இணைப்பு மாட்டிக்கொண்டிருக்கும் என்றார். இருக்கலாம், அதைக்கூட விட்டுவிடுகிறேன். விட முடியாதது வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, செல்வி குனிந்து தன் பையை எடுத்துக்கொண்டிருக்கையில், நான்தான் முதலில் வெளியே வந்தேன். பின்னால் வந்த செல்வி சர்வர் ரூம் கதவைச் சாத்தாமல், ஓரமாக ஒதுங்கி, கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கும்மா கதவப் புடிச்சிக்கினு நிக்கிற?" என்றேன்.

என் குரல் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"சார், நீங்க உள்ளேருந்து வரலீங்களா?"