குண்டுக்குப் பின்னால் வந்த சத்தம்

"மற்ற மனிசிமார் சீரியல் பாக்கினம். நீர் போர்க்கப்பல் பாக்கிறீர்" என்று என் கணவர் கேலி செய்வார். செய்யட்டும். மொன்ட்ரியாலின் ஜான்-டலோன் சந்தையில் நாள் முழுக்கத் தக்காளிப் பெட்டி தூக்கிவிட்டு மெட்ரோவில் வீடு திரும்பும்போது போனில் நான் பார்ப்பது அமெரிக்கப் போர்க்கப்பல்களைத்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கடலில் நின்று அடித்த பீரங்கிப் படகைத் தேடப்போய் இவற்றைக் கண்டேன். அந்தச் சிறிய படகைப் பற்றி ஒருவரும் எழுதி வைக்கவில்லை. வரலாறெல்லாம் பெரிய கப்பல்களுக்குத்தான்.

நியூ ஜெர்சி என்ற கப்பலின் கதை எனக்கு இப்போது மனப்பாடம். ஜப்பானுடன் சண்டை, கொரியா, வியட்நாம், பிறகு லெபனான் மலைகள். ஒன்பது பெரிய பீரங்கிகள், ஒவ்வொன்றின் வாயும் பதினாறு அங்குலம். ஒரு குண்டு ஒரு சின்னக் காரின் எடை. இன்றைக்கு அதை ஆற்றங்கரையில் கட்டிவைத்து டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். பீரங்கிக்கு அடியில் நின்று சனங்கள் சிரித்துக்கொண்டு படம் எடுக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் பார்ப்பேன்.

அங்கே பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் ஒளிந்த ஒவ்வொரு குடும்பத்திலும் எண்ணுவதற்கு ஒருவர் இருந்தார். இராணுவ முகாமில் செல் குத்துகிற, அதாவது குண்டை ஏவுகிற, சத்தம் முதலில் கேட்கும். உடனே ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்க வேண்டும், விழும்வரை ஒருவரும் அசையக் கூடாது. குத்துச் சத்தம் இல்லையென்றால் வெளியே போகலாம். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. எனக்குக் காது கூர்மை.

ஒருநாள் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் அள்ளப் போகட்டுமா என்று அண்ணை கேட்டார். "ஒண்டும் குத்தேல்லை, போங்கோ" என்றேன். கிணற்றடியில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் கடல் பக்கமிருந்து டும் என்று கேட்டது.

அண்ணையின் செத்தவீட்டில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. விழுந்த பிறகு குத்துகிற சத்தம் வருமா? பிள்ளை கண் அயர்ந்துவிட்டது என்றார்கள். அம்மா வாய் திறக்கவில்லை. கடைசியில் நானே, "ஓம், நித்திரையாப் போனன்" என்று ஒப்புக்கொண்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன.

மொன்ட்ரியால்-நோருக்கு வந்து இத்தனை வருடமாகியும், பனி அள்ளுகிற வண்டி தெருவில் இரும்பைப் போட்டாலே எண்ணத் தொடங்கிவிடுவேன். அது பயம்தான். அதைவிடப் பெரியது வெட்கம்.

போன மாசியில், மெட்ரோவில் பார்த்த ஒரு படத்தில், அப்படியொரு கப்பலில் வேலை செய்த கிழவர் சொன்னார்: குண்டு சத்தத்தைவிட வேகமாகப் போகும், அடி வாங்கியவர்களுக்குப் பீரங்கிச் சத்தம் பிந்தித்தான் கேட்கும். அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது.

வீடு வந்தபோது அம்மா குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை.

"அம்மா, நான் அண்டைக்கு நித்திரை கொள்ளேல்லை. கடலிலயிருந்து சுட்டா குண்டுதான் முந்தி வருமாம். நான் கேட்டது சரி."

அம்மா கத்தியை வைத்தார்.

"தெரியும் பிள்ளை. நானும் கேட்டனான். விழுந்த பிறகுதான் கேட்டது."

"அப்ப ஏன் நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

அம்மா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"உன்ர அண்ணையைத் தண்ணிக்குப் போகச் சொன்னது நான். நீ நித்திரை எண்டு சனம் சொல்லேக்க, ஏன் அனுப்பினாய் எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."