சிரிக்கக் கூடாத தளம்

பேசாப்படக் காலத்து நகைச்சுவை நடிகர் ஒருவரின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி அத்தியாயம் மட்டும் நகரவில்லை. பேசும்படம் வந்ததும் அவர் ஏன் வீழ்ந்தார் என்பதே அதன் கேள்வி. குரல் எடுபடவில்லை என்று எழுதிவிடுவது வழக்கம். அவருடைய முதல் பேசும்படத்தைப் பலமுறை கேட்டேன், குரலில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு சேட்டையும் அரைக்கணம் பிந்தி விழுகிறது. ஏன் என்று பிடிபடவில்லை.

மனைவி இருந்தவரை கர்க்லாண்ட் ஊரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருவருமாக அவர் படங்களைப் பார்ப்போம். அவள் சிரித்த இடங்களைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். அவள் இறந்தபின் தனியே பார்ப்பது ஆயாசமாக இருந்தது. பதிப்பாளர் தந்த தவணையும் நெருங்கிவிட்டது.

துறைமுகத்தில் லாரி ஓட்டும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒரு சனிக்கிழமை இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணை, சத்தத்தைக் காணேல்லை? டிவி பழுதோ?"

"இது பேசாத படம்."

"கதைக்காமலே இவ்வளவு அடி வாங்கிறார். நான் வீட்டிலை கதைச்செல்லோ வாங்கிறனான்."

நடிகர் தோளில் ஏணியோடு ஒரு திருமண விருந்துக்குள் நுழைந்தார். நண்பரின் தோள்கள் குலுங்கின. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் கோத்துவிட்டது.

"சிரிங்க, பரவாயில்லை."

"இல்லை அண்ணை. அக்கான்ரை அந்தியேட்டி இன்னும் வரேல்லை. செத்தவீட்டிலை சிரிக்கிறதோ?"

என் மனைவிக்கு எங்கள் பக்க வழக்கப்படி பதினாறாம் நாளே காரியம் முடிந்திருந்தது. அவர் தம் ஊர் வழக்கப்படி முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிவரை துக்கம் காத்தார்.

பேசாப்படத்தில் ஒலிப்பதிவு இல்லை. காமிராவுக்குப் பின்னால் நிற்பவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அது அடங்குவதைக் கேட்டே நடிகர் அடுத்த சேட்டையைத் தொடங்குவார். மைக் வந்ததும் படப்பிடிப்புத் தளத்தில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் நடத்தும் சினிமா வரலாற்று வகுப்பில் இதைத் தகவலாகச் சொல்லியிருக்கிறேன். பொத்திய வாயை அருகில் பார்த்ததில்லை. வராத சிரிப்புக்கு அந்த நடிகர் அரைக்கணம் காத்திருந்திருக்கிறார்.

"எனக்காகச் சிரிங்க," என்றேன்.

"கேட்டவுடனை சிரிப்பு வருமோ அண்ணை? வாங்கோ, சாப்பாடு ஆறுது."

அந்த வாரமே அத்தியாயத்தை முடித்தேன். மிகச் சிறியது. விளக்குகளுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்களா என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று என்று எழுதினேன். இன்னும் விரிவாக வேண்டும் என்றார் பதிப்பாளர். இதற்குமேல் எனக்கு எழுத வராது என்று பதில் அனுப்பினேன்.