கச்சான் காற்றும் நாற்பது ஈட்டிக்காரர்களும்

இந்தத் தொழிலில் எனக்குப் பதினொரு வருட அனுபவம் இருக்கிறது என்று என் முதல் வாடிக்கையாளரிடம் சொன்னேன். உண்மையில் இருந்தது பதினொரு நாள். எண்ணை மாற்றவில்லை, அலகை மட்டும் மாற்றினேன். நீர்ப்பாசனக் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் படவரைஞராக இருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கி வந்தவன் அளவில் இப்படிப் பிழை விடக் கூடாது. விட்டேன்.

தொழில் இதுதான். மேசையில் ஆடும் போர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, தாயக் கட்டை உருட்டி, அங்குல நாடாவால் தூரம் அளந்து, பிளாஸ்டிக் வீரர்களை நகர்த்துவார்கள். வீரர் ஒருவர் கட்டைவிரலின் மேல்கணு உயரம். கடையில் வாங்கும்போது அவர் முழு ஆளாக வரமாட்டார். தலை, கை, கால், ஈட்டி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தனித்தனியாகத் தொங்கிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, அரத்தால் தேய்த்து, பூட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத நான் கல்முனையில் இருந்தேன்.

1. படை வந்து இறங்கியது

முகநூலில் நான் போட்ட விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் இர்ஃபான். அட்டாளைச்சேனைப் பிள்ளை, கட்டாரில் கட்டட அளவையாளர், தங்கச்சியின் கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பெரிய பெட்டி. உள்ளே நாற்பது ஈட்டிக்காரர்கள், சட்டத்தோடு.

"காக்கா, நாலு வருசமாச் சேத்தது. பூட்டக் கூட நேரம் கிடைக்கல்ல. அங்க எங்கட கிளப்பில பெரிய போட்டி ஒண்டு வருது. பெயின்ட் அடிக்காத ஆள மேசையில வெக்க உடமாட்டாங்க. பன்னிரண்டு நாள்ல நான் ஃப்ளைட் ஏறணும். ஏலுமா?"

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். நான் செய்து வைத்திருந்த மூன்று பொம்மைகளைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார்.

"எத்தின வருசமாச் செய்றீங்க?"

அப்போதுதான் அந்தப் பதினொன்று வாயில் வந்தது.

பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. என் மனைவியின் நானா, அதாவது என் மச்சான் சலீம், சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு நெல் ஆலை வைத்திருக்கிறார். அங்கே மேற்பார்வை நாற்காலி ஒன்று எனக்காகக் காலியாகக் கிடந்தது. மாத முடிவுக்குள் ஓர் உருப்படியான வேலை கையில் வராவிட்டால் அந்த நாற்காலியில் போய் உட்காருவதாக மனைவி ஜெஸீமாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். மச்சான் நல்ல மனிதர். நாள் முழுக்கப் பேசுவார். நெல்லைப் பற்றி மட்டுமே பேசுவார். எனக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே தும்மல் வரும்.

ஜெஸீமா பெட்டியை வாசலிலேயே மறித்தாள்.

"துவக்குக் கிவக்கு ஏதும் இரிக்கா இதுக்குள்ள?"

"ஈட்டி மட்டும்தான்."

போரைக் கண்ட எங்கள் பக்கத்தில் துப்பாக்கி உண்டா என்பது நியாயமான கேள்வி. தொழுகிற வீட்டுக்குள் ஆள் உருவங்கள் வரக் கூடாது என்பது அவளுடைய அடுத்த சட்டம். ஆகவே கிணற்றடியில் இருந்த பழைய ஸ்டோர் அறை எனக்கு ஒதுக்கப்பட்டது.

2. காற்றை நம்பினேன்

பூட்டுகிற வேலை மூன்று நாளில் முடிந்தது. படவரைஞனின் கை, பிசகவில்லை. நான்காம் நாள் பிரைமர். பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கிற மெல்லிய அடிப்பூச்சு அது, ஸ்ப்ரே டின்னில் வரும்.

ஆனி மாதம். கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக அடித்துக்கொண்டிருந்தது. கச்சானைக் கண்டால் எங்கள் கரையில் எல்லாரும் எதையாவது காயப்போடுவார்கள். நெல் காயும், கருவாடு காயும், கல்யாண வீட்டு ஜமுக்காளம் அரை மணித்தியாலத்தில் காயும். காற்றை வீணாக்குவது எங்களுக்குச் சோற்றைக் கொட்டுகிற மாதிரி. நானும் இந்த மண்ணின் பிள்ளை. நாற்பது பேரையும் ஒரு பலகையில் வரிசையாக நிறுத்தி, நடு முற்றத்தில், நண்பகலில், கச்சானுக்கு முகம் காட்டி வைத்து ஸ்ப்ரே அடித்தேன். சும்மா காய்கிற பெயின்ட் இன்னும் சீக்கிரம் காயட்டுமே!

காய்ந்தது. வீரர்களின் மேல் படுவதற்கு முன்னமே, காற்றிலேயே, துளித்துளியாகக் காய்ந்தது. காய்ந்த துளிகள் போய் ஒட்டிக்கொண்டன. கிட்டப் போய்ப் பார்த்தேன். கண், மூக்கு, கவசத்தின் கொக்கி ஒன்றும் தெரியவில்லை. நாற்பது முகத்திலும் ரவை தூவின மாதிரி இருந்தது. விரலால் தடவினால் மணல் கடதாசி.

போர் வரலாறுகள் கொஞ்சம் வாசித்தவன் நான். பனியில் அழிந்த படை, சேற்றில் புதைந்த படை, பசியில் கலைந்த படை எல்லாம் தெரியும். தன் தளபதியே முற்றத்தில் நிறுத்திவைத்து, பத்து நிமிடத்தில், எதிரி என்று ஒருவன் பிறப்பதற்கு முன்னமே ஒழித்த படையைப் பற்றி எங்கேயும் வாசிக்கவில்லை.

இளம் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒரு பொம்மைக்கு அடித்துப் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள். ஒன்றுக்கு அடித்துப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு பொம்மைதான் போயிருக்கும். இந்த அறிவு நாற்பதாவது பொம்மைக்குப் பிறகுதான் எனக்கு வந்தது.

3. ஆஸ்பத்திரி

பிரைமரைக் கழற்ற வழி உண்டு. கிருமிநாசினித் திரவத்தில் ஊறவைத்து, பல் தூரிகையால் தேய்க்க வேண்டும். பாமசியில் ஆறு பெரிய போத்தலும் ஆறு பல் தூரிகையும் வாங்கினேன். நாற்பது பேரையும் பேசினில் இறக்கி ஒரு நாள் முழுக்க ஊறவைத்தேன்.

எங்கள் தெருவில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி இருக்கும். ஒரு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி மணம் இரண்டு நாள் வந்தால் மூன்றாம் நாள் தெருவே நோய் விசாரிக்க வரும். பக்கத்து வீட்டு ரஹீமா ராத்தா, தெருவுக்கே அக்கா, முதலில் வந்தார். கையில் நோயாளிக்கான சாமான்: ஒரு டின் மோல்ட் மா, ஒரு பாக்கெட் பிஸ்கட், ஆறு தோடம்பழம்.

"என்ன புள்ள ஜெஸீமா, ஒரு சொல் சொல்லி அனுப்பப்படாதா? ஆருக்குச் சுகமில்ல?"

 ஜெஸீமா ராத்தாவை நேராகக் கிணற்றடிக்குக் கூட்டி வந்து கையால் காட்டினாள். நான் முழங்கை வரை ரப்பர் கையுறையோடு, பேசினுக்கு முன்னால் குந்தியிருந்து ஒருவருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். ராத்தா குனிந்து பார்த்தார்.

"யா அல்லாஹ்! இதுல எத்தின பேர் மௌத்து?"

"ஒருத்தரும் மௌத்தாகல்ல ராத்தா. குளிக்கிறாங்க."

"இந்தாளுக்குக் கை இல்லியே?"

அப்போதுதான் நான் கவனித்தேன். திரவம் பிரைமரை மட்டும் கழற்றவில்லை, கைகளுக்கு மட்டும் நான் போட்டிருந்த அவசரப் பசையையும் சேர்த்துக் கழற்றியிருந்தது. பேசினின் அடியில் எண்பது கையும் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு கையும் ஒவ்வொரு தோளுக்கென்றே செய்யப்பட்டது. மாற்றி வைத்தால் இடைவெளி விழும், ஈட்டி சாயும். இன்னும் ஆறு நாள் இருந்தது.

தோடம்பழத்தை ராத்தா திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. அன்று பின்னேரம் மச்சானும் தொலைபேசி எடுத்தார். செய்தி ஆலை வரைக்கும் போயிருந்தது.

"மச்சான், உங்கட ஆக்களுக்குக் கை கழண்டுட்டாமே? பரவால்ல, விடுங்க. நாற்காலியத் துடைச்சு வெச்சிரிக்கன்."

நான் ஸ்டோர் அறைக்குப் போய் ஈரக் கைகளைத் துணியில் பரப்பிவைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஜெஸீமா வந்தாள்.  போய்ச் சுளகை எடுத்து வந்தாள்.

"இதுல கொட்டுங்க."

"என்னத்துக்கு?"

"முப்பது வருசமா அரிசியில கல்லுப் பொறுக்கிறன். வெள்ளக் கல்ல வெள்ள அரிசியில பொறுக்கிற கண்ணு இது. சாம்பல் கைய எனக்குப் பிரிக்க ஏலாதா?"

எண்பது கையையும் சுளகில் பரப்பினாள். ஒரு தட்டுத் தட்டினாள். இடக்கையை ஒரு பக்கம், வலக்கையை ஒரு பக்கம் பொறுக்கி வைத்தாள். பிறகு மணிக்கட்டு வளைந்தது, நேரானது, முழங்கை உயர்ந்தது என்று விரல் நுனியால் தள்ளித் தள்ளி ஒதுக்கினாள். ஒவ்வொரு கையையும் தோளுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, "இது இல்ல, இது இல்ல, ஓம், இவர்டதான் இது" என்று நீட்டினாள். நான் ஒட்டினேன். அடுத்த நாள் அஸர் தொழுகைக்கு முன்னம் நாற்பது பேரும் கையோடு நின்றார்கள். எண்பது கையில் ஒன்று கூட மாறவில்லை.

4. வெற்றிலைக்காரர் சொன்ன வழி

கச்சான் நிற்கவில்லை. பிரைமர் இல்லாமல் பெயின்ட் இல்லை. இந்தக் கவலையோடு சந்தைக்குப் போனேன். கணேசண்ணன் பாண்டிருப்பிலிருந்து வந்து அங்கே வெற்றிலை விற்கிறவர். கடையின் மேற்குப் பக்கம் முழுக்க ஈரச் சாக்குத் தொங்கவிட்டிருந்தார். உள்ளே போய் நின்றால் உடம்பு குளிர்ந்தது. காற்று அசையவில்லை.

"இதென்ன அண்ணன், சாக்கு?"

"கச்சானுக்கு வெத்திலைய விரிச்சு வெச்சா ஒரு மணித்தியாலத்தில சருகு தம்பி. மேல்காத்த மறிக்கணும். ஆனா இலையில தண்ணி சொட்டப்படாது, சொட்டினா அழுகிரும். குளிரணும், நனையப்படாது. அவ்வளவுதான்."

நான் பார்த்த வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் ஈரப்பத மானி, வெப்பமானி, விசிறிப் பெட்டி என்று கதைத்தன. கணேசண்ணன் நாலு சாக்கில் முடித்துவிட்டார். வெற்றிலை வாங்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் அன்று ஒரு கட்டு வாங்கினேன்.

ஸ்டோர் அறையின் மேற்கு ஜன்னலுக்கும் கதவுக்கும் ஈரச் சாக்குக் கட்டினேன். தண்ணீர் சொட்டி முடியும் வரை காத்திருந்தேன். விடிந்து வெயில் ஏறுவதற்கு முன், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு வீரருக்கு அடித்தேன். வெளியே கொண்டுபோய்ப் பார்த்தேன். பட்டு மாதிரி இருந்தது. கண்ணிமை தெரிந்தது. மூக்குத் துவாரம் தெரிந்தது. "ஜெஸீமா!" என்று நான் போட்ட சத்தத்துக்கு ரஹீமா ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இப்ப ஆருக்கு?" என்று கேட்டார்.

மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அடித்தேன். அடுத்த நாலு நாளும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் எழும்பினேன். கவசத்துக்கு இரும்பு நிறம், மேலாடைக்கு எங்கள் கடல் காலையில் காட்டுகிற பச்சை. மடிப்புகளில் தண்ணீர் போன்ற கறுப்பு மையை ஓடவிட்டு நிழல் எடுத்தேன். காய்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் உரசி வெளிச்சம் எடுத்தேன். வாய்க்கால் வரைபடத்தில் அரை மில்லிமீற்றர் கோடு கீறின கை, எண்பது கண்ணுக்கும் கருமணி வைத்தது. ஒரு கண் கூட மாறுகண் ஆகவில்லை. இதை நான் அடக்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

5. கையளிப்பு

பன்னிரண்டாம் நாள் இர்ஃபான் வந்தார். பலகையின் மேலிருந்து துணியை எடுத்தேன்.  அவர் தரையில் குந்தி, கண்ணை வீரர்களின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

"மாஷா அல்லாஹ். காக்கா, இவங்க என்னப் பாக்கிறாங்க."

என் மனம் பொறுக்கவில்லை. "தம்பி, ஒரு விசயம். பதினொரு வருசம் எண்டு சொன்னேன். அது பொய். பதினொரு நாள்."

"தெரியும் காக்கா. நீங்க அண்டைக்குக் காட்டின மூணுல ஒருத்தர்ட தலை முதுகுப் பக்கம் பாத்துக்கிட்டு இரிந்த."

"மறுகா ஏன் தந்த?"

"கல்முனையில வேற ஆரு இரிக்கி?"

அவர் போய் எட்டு நாளைக்குப் பிறகு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நீண்ட மேசை, பல நாட்டு ஆட்கள், நடுவில் என் நாற்பது பேர். மிக அழகான படை எது என்று போட்டியாளர்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்களுடையது. கூடவே ஒரு குரல் செய்தி: "காக்கா, ஆரு செஞ்ச எண்டு ஏழு பேர் கேட்டாங்க. உங்கட நம்பரக் குடுத்திட்டேன். ஜெஸீமா ராத்தாக்கும் சலாம் சொல்லுங்க." மாத முடிவுக்குள் அதில் இரண்டு பேர் பெட்டி அனுப்பிவிட்டார்கள். ஸ்டோர் அறைக்குள் ஜெஸீமா இரண்டாவது கதிரை ஒன்றைப் போட்டு, சுளகை ஆணியில் மாட்டினாள்.

மச்சான் சலீம் நேரிலேயே வந்தார். தொலைபேசியை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, வரிசை வரிசையாகப் பார்த்தார். முகத்தில் உண்மையான மரியாதை தெரிந்தது.

"வடிவுதான் மச்சான். நான் சரியா விளங்கிக்கொள்ளல்ல. ஆலைக்கு வேற ஆளப் பாக்கிறன், நீங்க இதையே செய்ங்க."

 அவர் போவதற்கு எழும்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"ஒண்டு கேக்கணும் மச்சான். பெட்டரி எங்கால போடுற?"

"பெட்டரி இல்ல மச்சான். இது நடக்காது."

"நடக்காதா?" அவர் ஜெஸீமாவைப் பாவமாகப் பார்த்தார். "பன்னிரண்டு நாள் செஞ்சும்?"