அண்ணன் பைனாகுலரில் பார்த்தது

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் கொடுத்தார்கள். தம்பிக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். எழுத உட்கார்ந்த பிறகு எனக்குத் தலை சுற்றுகிறது.

அண்ணன் பொழிச்சலூரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பைப் பாதியில் விட்டு, தாம்பரத்தில் ரயில் பணிமனை வேலைக்குச் சேர்ந்து எங்களைக் கரையேற்றினார். யாரிடமும் கடுஞ்சொல் பேசியதில்லை. இதுவரை குழப்பமில்லை. குழப்பம் பைனாகுலரில் ஆரம்பிக்கிறது.

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன், அவருடைய நண்பர் தேவராஜ், நான் மூவரும் படப்பைக்கு அப்பால் முயல் வேட்டைக்குப் போவோம். சட்டப்படி தப்பு என்று தெரிந்துதான் போனோம். துப்பாக்கி தேவராஜுடையது. பைனாகுலர் அண்ணன் பல்லாவரம் சந்தையில் பழசாக வாங்கியது.

நான் நின்றுகொண்டு அதில் பார்த்தால் காடே ஆடும். அண்ணன் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருவார். முழங்காலை மடக்கி, அதன்மேல் முழங்கைகளை ஊன்றிக்கொள்வார். முதலில் வெறும் கண்ணால் ஒரு புதரைப் பார்ப்பார். அப்புறம் பார்வையை எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவருவார். "முழு முயலத் தேடாதடா, காதத் தேடு" என்பார். அவ்வப்போது அதை இறக்கி, கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி பார்ப்பார். கழுத்து வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. இவ்வளவும் செய்துவிட்டு, "ஒண்ணும் இல்லடா" என்பார்.

தேவராஜுக்கு அதுவே தீர்ப்பு. "உங்க அண்ணனே இல்லன்னுட்டாரு, அப்புறம் இந்தக் காட்டுல இன்னா கீது?" என்று துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிடுவார். படப்பைக் கடைத்தெருவில் கோழி வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

ஒருநாள் காலை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பைனாகுலரைத் திருப்பியிருந்த அதே கள்ளிப் புதரோரம் ஒரு முயல் பின்னங்காலில் எழுந்து நின்றது. வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தது. தேவராஜ் எங்களுக்குப் பின்னால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுனா கீதாபா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. கெளம்பலாம்" என்றார் அண்ணன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நானும் எழுந்து நடந்தேன்.

இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "கழுகுக் கண்ணு, அத்த எழுது" என்கிறார் தேவராஜ். "எறும்பக்கூட மிதிக்க மாட்டாருன்னு எழுதுங்க தம்பி" என்கிறார் அண்ணி. அண்ணி கோபித்தாலும் சொல்கிறேன், கோழிக் குழம்பை அண்ணன் ஒருநாளும் போதும் என்றதில்லை. அண்ணன் மகளோ, "அப்பாவுக்கு ரொம்ப நாளாவே கண்ணுல புரை, சித்தப்பா. யார்கிட்டயும் சொல்லல" என்கிறாள். எதை எழுதுவது?

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மாலை, வேறு யாரும் இல்லாத நேரத்தில் கேட்டேவிட்டேன். "அண்ணா, அன்னிக்கு அந்த முயல் உங்களுக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?"

என் பக்கம் தலையைத் திருப்பினார். "உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்போ நீ ஏன்டா சொல்லல?"

கேட்டுவிட்டு, தூங்குகிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார். இன்னும் அந்தக் கேள்வி எனக்கு ஆறவில்லை.

அண்ணனைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், பணிமனைத் தோழர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. தினமும் படப்பையிலிருந்து பஸ் ஏறி வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவராஜுக்கு நன்றி மட்டும் போதாது. அன்று அங்கே முயல் இருந்தது, தேவராஜ். அண்ணன் பார்த்தாரா என்று தெரியாது. நான் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று நீங்களும் கேட்டுவிடாதீர்கள்.